பிசி கேமிங்குக்கு இரண்டு, மூன்று மானிட்டர் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘இன்னொரு மானிட்டர் வாங்கலாமா’ என்று கேட்பவர்கள் இரண்டு வேறு விஷயங்களைக் கேட்கிறார்கள். சிலருக்கு, கேம் வழக்கம்போல ஒரு திரையில் ஓட, பக்கத்தில் டிஸ்கார்டு (கேமர்கள் பேசிக்கொள்ளும் செயலி), யூடியூப், மேப் பார்க்க இன்னொரு திரை வேண்டும். வேறு சிலருக்கு, கேமையே மூன்று திரைகளில் விரித்து ஆட வேண்டும். செலவு, மேசை, கிராபிக்ஸ் கார்டு, கிடைக்கும் பலன் எல்லாமே இந்த இரண்டுக்கும் வேறு. அதனால் முதலாவதைப் ‘பக்கத் திரை’ என்றும், இரண்டாவதை ‘மூன்று திரை’ என்றும் பிரித்தே பேசுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

கார் ரேஸிங், லாரி ஓட்டுவது, விமானம் ஓட்டுவது மாதிரியான சிமுலேட்டர் கேம்கள்தான் உங்கள் முக்கியமான விளையாட்டு என்றால், மூன்று திரை அந்த அனுபவத்தையே மாற்றிவிடும். பணமும் இடமும் இருந்தால் தயங்க வேண்டாம்.

மற்ற எல்லோருக்கும், மூன்று திரைக்கு ஆகும் பணத்தை ஒரே ஒரு நல்ல மானிட்டரில் போடுவதுதான் சரி. அதன் பிறகு தேவைப்பட்டால் ஒரு சாதாரணப் பக்கத் திரை சேர்த்துக்கொள்ளலாம். பக்கத் திரை வசதியான பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் அது உங்கள் கேமை அழகாக்காது, வேகமாக்காது. இப்போது கையில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் என்றால், அதன் பக்கத்தில் இன்னொன்றை வைப்பதற்கு முன் அதையே மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸிலிருந்து 144 ஹெர்ட்ஸுக்குப் போகும்போது தெரியும் வித்தியாசம் ஒவ்வொரு கேமிலும், ஒவ்வொரு நொடியும் உங்களோடு இருக்கும்.

இரண்டு மானிட்டர்களில் ஒரே கேமை விரித்து ஆட முடியுமா?

முடியும், ஆனால் ஆட மாட்டீர்கள். கேமின் நடுப்பகுதி இரண்டு மானிட்டர்களும் சேரும் இடத்தில் வந்து விழும். துப்பாக்கிக் குறியும், காரின் முன்னால் வரும் சாலையும், உங்கள் கதாபாத்திரமும் பிளாஸ்டிக் விளிம்புக்குள் ஒளிந்துகொள்ளும். விரித்து ஆட ஒற்றைப்படை எண்தான் சரிப்படும். அதனால்தான் எல்லோரும் நேராக மூன்றுக்குப் போகிறார்கள்.

இரண்டு திரைகளையும் கேமே தனித்தனியாகப் பயன்படுத்திக்கொள்வது வேறு விஷயம். 2007-இல் வந்த சுப்ரீம் கமாண்டர் என்ற வியூக விளையாட்டில் ஒரு திரையில் போரும், இன்னொரு திரையில் முழுப் போர்க்களமும் தெரியும்படி வைக்கலாம். அருமையான யோசனை. ஆனால் அந்த வழியில் போன கேம்கள் மிகக் குறைவு. இன்றைக்கு அந்த மாதிரி ஆதரவை உண்மையாகத் தருபவை பெரும்பாலும் விமான சிமுலேட்டர்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் வலது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் டிஜிட்டல் பேனல் ஒன்றைக் கிளிக் செய்தால், அது தனி விண்டோவாக வெளியே வரும். அதைப் பக்கத் திரைக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்று திரையில் அப்படி என்ன கிடைக்கிறது?

பக்கவாட்டுப் பார்வை. மனிதனுக்கு இரண்டு கண்களும் சேர்ந்து கிடைமட்டமாக ஏறத்தாழ 200 டிகிரி வரை தெரியும். ஒரு மானிட்டர் அதில் எவ்வளவை நிரப்புகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 அங்குல மானிட்டரின் திரை அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது சுமார் 53 டிகிரியை அடைக்கும். ஒரு ஜன்னல் வழியாக உலகத்தை எட்டிப் பார்க்கிற மாதிரிதான்.

அதே மானிட்டர் இன்னும் இரண்டை இரு பக்கமும் உங்களை நோக்கித் திருப்பி வைத்தால், மொத்தம் கிட்டத்தட்ட 160 டிகிரி. ரேஸில் உங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மூக்கை நுழைக்கும் கார் அப்போது கண்ணில் படும். ‘பக்கத்தில் யாரோ இருக்கிறார்’ என்று காட்டும் அம்புக்குறியை நம்பி ஓட்ட வேண்டியதில்லை. வளைவின் உள்முனையை முன்கூட்டியே பார்த்துத் திரும்ப முடியும். யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் ரவுண்டானாவில் நுழையும்போது இடது, வலது பார்க்க எந்த பட்டனையும் அழுத்த வேண்டாம், தலையைத் திருப்பினால் போதும். வேகம் என்ற உணர்வும் பெரும்பாலும் ஓரக்கண்ணில்தான் பிறக்கிறது. பக்கத்தில் மரங்களும் தடுப்புகளும் ஓடுவது தெரியும்போதுதான் 200 கிலோமீட்டர் வேகம் உண்மையில் 200 மாதிரி இருக்கும்.

அப்படியானால் ஷூட்டர் கேமிலும் எதிரியைச் சீக்கிரம் பார்க்கலாமே?

போட்டி கேம்களை உருவாக்குபவர்களும் இதை யோசித்துவிட்டார்கள். வேலோரன்ட்டில் கிடைமட்டப் பார்வைக் கோணம் எல்லோருக்கும் 103 டிகிரி என்று பூட்டப்பட்டிருக்கிறது. எத்தனை மானிட்டர் வாங்கினாலும் ஒரு டிகிரி கூடக் கிடைக்காது. அகலமான பார்வையை அனுமதிக்கும் ஷூட்டர்களிலும் இரு ஓரத் திரைகளில் தெரிவது நீங்கள் சுட முடியாத, ஓரத்தில் இழுபட்ட காட்சிதான். இந்த வகையில் ஜெயிக்க உதவுவது அதிக எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வரையப்படுகிறது என்ற கணக்கு), குறைந்த தாமதம், கண்ணுக்குள் முழுதாக அடங்கும் திரை. போட்டிகளில் ஆடுபவர்கள் இன்றும் 24, 25 அங்குலத்திலேயே இருப்பது இதனால்தான். மூன்று திரை இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர்.

ஓரத்தில் படம் இழுபடுகிறது என்கிறீர்களே, ஏன்?

மூன்று திரையில் பலர் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கேம் சாதாரணமாகத் தன் உலகத்தை ஒரே கேமராவால், ஒரே தட்டையான தளத்தில் வரைகிறது. கோணம் குறைவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கோணம் விரிய விரிய ஓரத்தில் உள்ள பொருள்கள் கிடைமட்டமாக நீளும். நேர்ப்பார்வையிலிருந்து 45 டிகிரி தள்ளி இருக்கும் பொருள் நடுவில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அகலமாக வரையப்படும். 60 டிகிரியில் நான்கு மடங்கு. மூன்று மானிட்டர்களையும் ஒரே பெரிய மானிட்டர் என்று கேமை நம்பவைத்தால், ஓரத் திரைகள் இரண்டிலும் இந்த நீட்சிதான் நிரம்பியிருக்கும். பக்கத்தில் வரும் கார் ரப்பர் மாதிரி இழுபட்டு வரும். சிலருக்குத் தலைசுற்றல் கூட வரும்.

இதற்குச் சரியான தீர்வு, கேம் மூன்று தனிக் கேமராக்களை வைத்து ஒவ்வொரு திரைக்கும் தனியாக வரைவது. ஐரேஸிங்கில் மூன்று திரைக்கும் தனித்தனியாக வரையும் அமைப்பு இருக்கிறது. திரையின் அகலம், விளிம்பின் அகலம், கண்ணிலிருந்து உள்ள தூரம், ஓரத் திரையின் கோணம் ஆகியவற்றை அளந்து அதில் கொடுக்க வேண்டும். அசெட்டோ கோர்ஸாவிலும் இந்த வசதி உண்டு. யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் அமைப்புக் கோப்பைத் திறந்து பல மானிட்டர் முறையை நாமே மாற்ற வேண்டும். கொஞ்சம் சிரமம், ஆனால் வேலை செய்யும்.

ஆகவே மூன்று மானிட்டர் வாங்கும் முன் கேட்க வேண்டியது ‘என் கேம் அகலமான ரெசல்யூஷனை ஏற்குமா’ என்பதல்ல, ‘மூன்று திரைக்கும் தனித்தனியாக வரையுமா’ என்பதுதான். நீங்கள் அதிகம் ஆடும் கேம் தனித்தனியாக வரையவில்லை என்றால், மூன்று திரையை மறந்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

கதை கேம்கள், ஓப்பன் வேர்ல்டு கேம்கள் எப்படி?

கலவையாக இருக்கிறது. மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டு பிசி பதிப்பும் (2022) கோஸ்ட் ஆஃப் சுஷிமா பிசி பதிப்பும் (2024) மூன்று மானிட்டருக்கான 48:9 என்ற அகல-உயர விகிதத்தை அதிகாரபூர்வமாகவே ஏற்கின்றன. ஆனால் 2022-இல் வந்த எல்டன் ரிங் சாதாரண ஒற்றை மானிட்டரின் 16:9-ஐத் தாண்டவே தாண்டாது, பக்கத்தில் கறுப்புதான். இந்த வகை கேம்களுக்காக மட்டும் மூன்று திரை வாங்குவது வீண். நன்றாக ஓடும் நாள் ஒன்று என்றால், இணையத்தில் யாராவது செய்த மாற்றுக் கோப்பைத் தேடி அலையும் நாள் இரண்டு. அந்தக் கோப்புகளை ஆன்லைன் கேமில் போட்டால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளிடம் மாட்டி, கணக்கே முடக்கப்படலாம். அதை மட்டும் செய்யாதீர்கள்.

என் கிராபிக்ஸ் கார்டு தாங்குமா?

பிக்சல் கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். 1920×1080 திரை ஒன்றில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். மூன்றில் 62.2 லட்சம். ஒரு 4கே திரையில் 82.9 லட்சம். ஆக மூன்று ஃபுல் எச்டி திரைகள் என்பது 4கே சுமையில் முக்கால் பங்கு. 2560×1440 திரை மூன்று என்றால் 1 கோடியே 10 லட்சம் பிக்சலைத் தாண்டும். அது 4கே-யை விட மூன்றில் ஒரு பங்கு அதிகம். இன்றைய நடுத்தரக் கார்டுகள் பல 4கே-யிலேயே மூச்சு வாங்குகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்காமலே சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. என்விடியா கார்டு வைத்திருந்தால் அதன் கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்று ஒரு வசதி உண்டு. திரையின் அளவை விடப் பெரிய ரெசல்யூஷனில் கேமை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். அதில் 3.00 மடங்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், மூன்று மானிட்டருக்கு எத்தனை பிக்சலோ அத்தனையையும் உங்கள் கார்டு இப்போதே வரையும். ஏஎம்டி கார்டில் விஎஸ்ஆர் என்ற பெயரில் இதே வேலை நடக்கும். உங்களுக்குப் பிடித்த டிராக்கில், இருபது முப்பது கார்களோடு, மழையில் ஓட்டிப் பாருங்கள். அப்போது வரும் எஃப்பிஎஸ் உங்களுக்குப் போதவில்லை என்றால், மூன்று திரை வாங்கினால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஏனென்றால் மூன்று கேமராவுக்குத் தனித்தனியாகக் காட்சி தயாரிக்கும் வேலை பிராசஸர் மேலும் விழுகிறது. இந்தச் சோதனையில் அது தெரியாது.

பக்கத் திரை வைத்தால் கேமின் எஃப்பிஎஸ் குறையுமா?

சும்மா டிஸ்கார்டும் உலாவியும் திறந்திருந்தால் பெரும்பாலும் கவனிக்கவே முடியாது. யூடியூப் வீடியோவை விரிக்க கார்டில் தனிப் பகுதி இருக்கிறது. கேமை வரையும் பகுதி அதற்காக நிற்பதில்லை. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கார்டில் மட்டும், உலாவியில் ஏகப்பட்ட டேப் திறந்து வைத்தால் கேமுக்கு இடம் போதாமல் திக்கும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் வைத்தால் பிரச்சினை வருமா?

முன்பு வந்தது. பக்கத் திரையில் வீடியோ ஓடினால் முதன்மைத் திரையிலும் கேம் திக்கித் திக்கி ஓடும். 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து இது பெருமளவு சரியாகிவிட்டது. இன்றைய விண்டோஸ் 11-இல் இதற்காகப் பயப்பட வேண்டாம்.

மிச்சம் இருப்பது மின்சார விஷயம். வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் (ஹெர்ட்ஸ் எண்ணில்) இரண்டு திரைகள் ஓடும்போது சில கார்டுகளின் நினைவகம் சும்மா இருக்கும் நேரத்திலும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கேம் எதுவும் ஆடாதபோதே ஃபேன் சுற்றினால், கார்டு சூடாக இருந்தால், இதைச் சந்தேகப்படுங்கள். 144 ஹெர்ட்ஸை 120 ஆகக் குறைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். 120 என்பது 60-இன் சரியான இரட்டிப்பு. புதிய டிரைவர் போட்டுப் பார்ப்பதும் உதவும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மானிட்டரைப் பக்கத் திரையாக வைக்கலாமா?

தாராளமாக. இதைவிட நல்ல பக்கத் திரை கிடையாது, செலவே இல்லை. விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும் உள்ள மானிட்டர் என்றால் ஒரு எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நிறம் ஒத்துப்போகாது, வெளிச்சம் குறைவாக இருக்கும். டிஸ்கார்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. செங்குத்தாகத் திருப்பி வைக்க ஆசைப்பட்டால் மட்டும் பாருங்கள்: பழைய டிஎன் வகைத் திரையைச் செங்குத்தாக வைத்தால் ஒரு பக்கம் வெளிறியும் ஒரு பக்கம் இருண்டும் தெரியும். ஐபிஎஸ் திரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூன்று திரைக்கு இந்தத் தாராளம் செல்லாது. மூன்றும் ஒரே மாடலாக, முடிந்தால் ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். மூன்று திரையை ஒன்றாக இணைக்கும் என்விடியாவின் சரவுண்ட் வசதிக்கு மூன்றிலும் ஒரே ரெசல்யூஷனும் ஒரே ரெஃப்ரெஷ் ரேட்டும் தேவை. அது மட்டுமில்லை, வானம் நடுத்திரையில் நீலமாகவும் பக்கத்தில் லேசான பச்சையாகவும் இருந்தால் கண் ஒவ்வொரு முறையும் அங்கேதான் போகும். ‘இப்போது ஒன்று, அடுத்த வருடம் இரண்டு’ என்று திட்டமிடுபவர்கள் கவனிக்கவும்: அடுத்த வருடம் அதே மாடல் கடையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓஎல்இடி மானிட்டரை இந்த ஏற்பாட்டில் எங்கே வைப்பது?

கேம் ஆடும் இடத்தில். பக்கத் திரையாக வேண்டாம். டிஸ்கார்டு பட்டியலும் டாஸ்க்பாரும் நாள் முழுக்க அசையாமல் நின்றால் அந்த இடம் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும் அபாயம் இருக்கிறது. பக்கத் திரைக்குச் சாதாரண எல்சிடி போதும்.

மூன்றுக்குப் பதில் ஒரே அல்ட்ராவைட் வாங்கினால்?

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். அல்ட்ராவைட் என்பது வழக்கத்தைவிட அகலமான ஒற்றை மானிட்டர். 34 அங்குல அல்ட்ராவைட்டின் (3440×1440) அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 67 டிகிரி கிடைக்கும். 160 டிகிரியோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் நடுவில் விளிம்பு இல்லை, ஒரே கேபிள், பெரும்பாலான புதிய கேம்கள் 21:9-ஐ எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஏற்கின்றன. பிக்சலும் சுமார் 49.5 லட்சம்தான், மூன்று ஃபுல் எச்டியை விடக் குறைவு. கோணம் அளவாக இருப்பதால் அந்த ஓர நீட்சியும் உறுத்தாது.

49 அங்குலம், 5120×1440 என்ற பெரிய வகை ஒன்று உண்டு. இரண்டு 27 அங்குல மானிட்டர்களை விளிம்பில்லாமல் ஒட்டியது போன்ற அளவு. அது 90 டிகிரியைத் தொடும், வளைந்த திரை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். ரேஸிங் பிரியர்களுக்கு மூன்று திரைக்கும் ஒற்றைத் திரைக்கும் நடுவில் ஒரு நல்ல இடம். ஆனால் விலையைப் பார்த்தால் சில நேரம் அதே பணத்தில் மூன்று 27 அங்குல மானிட்டர்கள் வந்துவிடும். அப்போது உங்கள் கேம் பட்டியலைப் பார்த்து முடிவெடுங்கள்: சிமுலேட்டர் மட்டும் என்றால் மூன்று, எல்லா வகையும் என்றால் ஒன்று.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்குக் கீழே 18 சதவீதம். அல்ட்ராவைட் வாங்கினால் வரியே கூடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய மானிட்டர்களும் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. பழைய விலை ஒப்பீடுகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

பணம் குறைவு. பக்கவாட்டுப் பார்வைக்கு வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, இதை அதிகம் பேர் முயன்று பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். தலை அசைவைக் கண்காணிக்கும் முறை. ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமை வைத்து உங்கள் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, கேமுக்குள் பார்வையைத் திருப்பும். நீங்கள் கொஞ்சம் திரும்பினால் கேமில் நிறையத் திரும்பும்படி அளவு வைத்துக்கொள்ளலாம், அதனால் கண் திரையிலேயே இருக்கும். யூரோ டிரக் சிமுலேட்டர் 2, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், டிசிஎஸ் வேர்ல்டு எல்லாம் இதை ஏற்கும். பழக ஒன்றிரண்டு மாலைகள் ஆகும். விமானம், லாரி இரண்டுக்கும் இது மூன்று திரைக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. ரேஸிங்கில் மட்டும், தலையைத் திருப்பாமலே ஓரக்கண்ணில் படுவது என்ற அந்தப் பலன் கிடைக்காது.

விஆர் ஹெட்செட்டும் ஒரு வழி. சுற்றிலும் முழுப் பார்வை, தூரம் ஆழம் எல்லாம் கண்முன் நிற்கும். ஆனால் மணிக்கணக்கில் தலையில் மாட்டிக்கொண்டு ஆடுவது, அதுவும் ஏசி இல்லாத அறையில், எல்லோராலும் முடியாது. வாங்கும் முன் யாரிடமாவது அரைமணி நேரம் இரவல் வாங்கிப் பாருங்கள்.

மேசை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

மூன்று 27 அங்குலத்தை நேர்க்கோட்டில் வைத்தால் 180 சென்டிமீட்டர். ஆனால் அப்படி வைக்கக் கூடாது, ஓரத் திரைகளை உள்நோக்கித் திருப்ப வேண்டும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, ஓரத் திரைகளைச் சுமார் 53 டிகிரி திருப்பினால், இருக்கும் அகலம் 132 சென்டிமீட்டராகக் குறையும். ஆனால் ஓரத் திரைகள் உங்களை நோக்கி 48 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும். நான்கடி மேசையின் அகலம் 122 சென்டிமீட்டர்தான். ஆக அதில் அடங்காது. ஸ்பீக்கர், தண்ணீர் பாட்டில், கீபோர்டு எல்லாம் எங்கே போகும் என்றும் பாருங்கள். வாங்கும் முன் அட்டைப் பெட்டியை மானிட்டர் அளவுக்கு வெட்டி மேசையில் நிறுத்திப் பார்ப்பது பத்து நிமிட வேலை, கட்டாயம் செய்யுங்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு 24 அங்குலம் மூன்று நல்ல தேர்வு. கொஞ்சம் கிட்டே உட்கார்ந்தால் கோணம் அதேதான் வரும்.

மானிட்டரோடு வரும் ஸ்டாண்ட் பெரும்பாலும் இந்த வேலைக்கு ஆகாது, கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். மேசையில் கவ்வி மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் வாங்குவதாக இருந்தால் மானிட்டரின் பின்னால் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் வீசா (VESA) துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இருக்காது. மேசைப் பலகை மெல்லிய பார்ட்டிகல் போர்டாக இருந்தால், ஆர்ம் கவ்வும் இடத்துக்கு அடியில் ஒரு இரும்புத் தகடோ கனமான பலகையோ கொடுங்கள். இல்லாவிட்டால் எடை தாங்காமல் பலகை நொறுங்கும்.

பக்கத் திரையை எந்தப் பக்கம் வைப்பது? கழுத்து வலிக்கிறதே.

கேம் ஆடும் திரை உங்கள் மூக்குக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு மானிட்டர்களையும் சமமாக வைத்து நடுவில் உட்கார்ந்தால், மணிக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பியபடி ஆட வேண்டிவரும். வலி அங்கிருந்துதான் வருகிறது. பக்கத் திரை எந்தப் பக்கமும் இருக்கலாம். வலது கையால் மவுஸ் பிடிப்பவர்கள் இடதுபுறம் வைத்தால் மவுஸுக்கு இடம் மிச்சமாகும்.

கேம் ஆடும்போது மவுஸ் பக்கத் திரைக்கு ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் கேமின் அமைப்புகளில் கர்சரைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள், பல கேம்களில் உண்டு. இல்லையென்றால் முழுத்திரை முறைக்கு மாற்றுங்கள். அடிக்கடி பக்கத் திரைக்குப் போய்வருபவர்களுக்கு ‘பார்டர்லெஸ்’ (விளிம்பில்லாத விண்டோ) முறை வசதி, ஆல்ட்-டேப் அடித்தால் கேம் சுருங்காது. கேம் தப்பான திரையில் திறந்தால் விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்துங்கள், பக்கத்துத் திரைக்குத் தாவும்.

கேபிள் எதை எங்கே செருகுவது?

எல்லா மானிட்டரையும் கிராபிக்ஸ் கார்டின் பின்னால் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. புதிய கார்டுகளில் பெரும்பாலும் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ இருக்கும். கேமிங் மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட். பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்ற வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் பல மாதம் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

லேப்டாப்பில் செய்ய முடியுமா?

ஒரு வெளி மானிட்டர், தாராளமாக. லேப்டாப் திரையே அப்போது உங்கள் பக்கத் திரை ஆகிவிடும், செலவும் மிச்சம். மூன்று திரையில் கேம் என்பது லேப்டாப்புக்கு ஏற்ற வேலை இல்லை. யுஎஸ்பி வழியாகக் கூடுதல் மானிட்டர் தரும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர்கள் ஆபீஸ் வேலைக்கானவை, அதில் கேமை ஓட்டாதீர்கள்.

கரண்ட் பில் எகிறுமா? யுபிஎஸ் தாங்குமா?

27 அங்குல மானிட்டர் ஒன்று சுமார் 30 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக இரண்டு மானிட்டர், தினமும் 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். பயப்படும் அளவு இல்லை. கார்டு முழு மூச்சாக வேலை செய்வதால் கூடும் மின்சாரமும் அறையில் ஏறும் சூடும்தான் அதைவிடப் பெரியது.

யுபிஎஸ்தான் கவனிக்க வேண்டிய இடம். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தரும். கேம் ஓடும் பிசி ஒன்றே அதைத் தின்றுவிடும். பக்கத் திரை என்றால் அதை யுபிஎஸ்ஸில் மாட்டாமல் நேரடி பிளக்கில் போடுங்கள், மின்சாரம் போனால் அது மட்டும் அணையட்டும். மூன்று திரையை ஒன்றாக இணைத்து ஓட்டும்போது அப்படிச் செய்யக் கூடாது. ஒரு திரை அணைந்தாலே மொத்த அமைப்பும் கலைந்து, நடு ரேஸில் கேம் தடுமாறும். அதற்கு மூன்றும் பிசியும் சேர்ந்து தாங்கும் பெரிய யுபிஎஸ் வாங்கத்தான் வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ஸ்டிரீம் செய்யத் தொடங்கப் போகிறேன். இரண்டாவது மானிட்டர் கட்டாயமா?

ஆம். பக்கத் திரைக்காக நான் தயங்காமல் செலவு செய்யச் சொல்லும் ஒரே இடம் இது. ஸ்டிரீம் செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் ஒலி அளவு சரியாக வருகிறதா, காட்சி உறைந்துவிட்டதா, பார்ப்பவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதெல்லாம் கேமை விட்டு வெளியே வராமல் தெரிய வேண்டும். மைக் ஊமையாக இருப்பதை அரைமணி நேரம் கழித்துத் தெரிந்துகொள்வது பார்க்க வந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். இதற்குப் புது மானிட்டர் வேண்டுமென்பதில்லை. பழைய 19 அங்குலம் கூடப் போதும். அதுவும் இல்லையென்றால், கருத்துகளை மட்டும் ஃபோனிலோ டேப்லெட்டிலோ திறந்து கீபோர்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு முதல் சில ஸ்டிரீம்களை ஓட்டலாம்.